பெண்கள் கூட்டத்துக்கு நான் போன கதை

இன்று காலை பத்து மணிக்குத் தஞ்சோங் காராங்கில், பெண்களுக்கு என்ன தேவை என்று கேட்கும் அரசாங்கக் கூட்டம். அந்த நேரத்தில் என் மனைவி ரப்பர் காட்டில் பால் எடுத்துக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பதிலாக, லீவில் இருந்த என்னை எஸ்டேட் கணக்கரான கிராணி அனுப்பிவிட்டார்.

அறுவடை முடிந்த மலாய்ப் பெண்கள் நிறைய வந்திருந்தார்கள். வயலைத் தங்கள் பேருக்கு எழுதித்தரக் கேட்டார்கள்.

"எஸ்டேட் பெண்களுக்கு?" என்று அதிகாரியம்மா என் பக்கம் திரும்பினார்.

"தையல் மெஷின்" என்றேன். எழுதிக்கொண்டார்.

மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"நான் அஞ்சரைக்கு வேலைக்குப் போறேன். ஆயாக்கொட்டகை ஏழுக்குத்தான் தொறக்குது. புள்ளைய யாரு பாக்குறது? அதச் சொல்லத் தெரியலையா ஒங்களுக்கு?"

தெரியவில்லை.

கொட்டகை சீக்கிரம் திறக்கும்வரை விடியற்காலையில் பிள்ளை என் பொறுப்பாம். மெஷின் வந்தால் அதுவும் என் பொறுப்பாம்.

ஒரு கையால் தைக்க யாருக்காவது தெரியுமா?