டெல்மர் ஹக்காலா ஆடிய நாலாம் பாகம்

மரம் வெட்டும் சங்கிலி ரம்பத்தை முப்பத்தோரு வருஷம் பிடித்த கை டெல்மர் ஹக்காலாவின் கை. குளிர் பட்டால் பத்து விரலும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிடும். காப்பிக் கோப்பையைப் பிடித்திருக்கிறானா விட்டுவிட்டானா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். அந்தக் கையை வைத்துக்கொண்டு எஸ்கனாபா ஊரில் எங்கள் எல்லாரையும்விட நன்றாக வீடியோ கேம் ஆடினான். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

நான் லாரி ஓட்டுகிறவன், அவனைவிடப் பத்து வயது சின்னவன். அவனை எனக்குப் பழக்கியது பெர்னடெட்டின் சலவைக் கடை. அங்கே பன்னிரண்டு இயந்திரங்கள் துணியைப் புரட்டிக்கொண்டிருக்க, பின்பக்கம் துணி மடிக்கிற நீள மேஜையில் சனிக்கிழமை காலை கேம் டிஸ்க் மாற்றிக்கொள்வோம். ஒன்றைக் கொண்டு வந்து வைத்தால் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கடையில் புதிதாக வாங்க எங்களில் பாதிப் பேருக்கு வக்கில்லை. மீதிப் பேருக்கு மனசில்லை.

ஒவ்வொரு டிஸ்க் பெட்டிக்குள்ளும் ஒரு தாள் இருக்கும். ஆடி முடித்தவன் பெயரை எழுதி, அடுத்தவனுக்கு ஒரு வரி எழுத வேண்டும். "மூணாவது குகையில் இடப்பக்கம் போகாதே, செத்தாய்" என்று வாண்டா எழுதியிருப்பாள். நான் இடப்பக்கம்தான் போவேன், சாவேன், அவளை நினைத்துக்கொள்வேன். வாண்டா யார் என்று எனக்குக் கடைசி வரை தெரியாது. டெல்மர் மட்டும் எல்லாத் தாளிலும் ஒரே வார்த்தைதான் எழுதுவான்: "முடித்தேன்."

இன்னொரு விதியும் உண்டு. டிஸ்க்கை உன் வீட்டில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேஜைக்குக் கொண்டு வர வேண்டும். கீறல் விழுந்ததை அடுத்தவன் தலையில் கட்டினால் பெர்னடெட் சும்மா விடமாட்டாள். ஈரத் துணியோடு வெளியே அனுப்பிவிடுவாள், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி என்றாலும்.

மனைவி லெம்பி இறந்த பிறகுதான் டெல்மர் கேம் பக்கம் வந்தான். காட்டோரம் மண் ரோட்டில் தனி வீடு. மேஜையிலிருந்து யாரோ கழித்துவிட்ட, டிஸ்க்கைப் போட்டு டிவியில் ஆடுகிற பழைய ஆட்டப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனான். அவனைப் பிடித்துக்கொண்டது 'வடகடல்' என்ற கேம். ஆட்களை எல்லாம் இழந்த ஒரு கப்பல் தலைவன், தன் சொந்தத் துறைமுகத்தைத் தேடிக்கொண்டே போகிறான். மூன்று பாகத்தையும் ஐந்தாறு கை மாறிய டிஸ்க்குகளில்தான் ஆடினான். மூன்றாவதுக்கு மட்டும் இரண்டு குளிர்காலம் ஆயிற்று.

நாலாவதுதான் கடைசி, அதில் தலைவன் வீடு சேருவான் என்று அறிவித்தார்கள். அந்த வாரம் உலர்த்தும் இயந்திரத்தில் முதுகைச் சாய்த்துச் சூடேற்றிக்கொண்டே டெல்மர் சொன்னான்.

"டாக்டர் பாத்தாரு. கை நரம்பு போகுதாம்."

"எவ்வளவு நாளாம்?"

"இந்தக் குளிர்காலம் தாங்கும்னாரு. அடுத்தது தாங்காதாம்."

"வேற டாக்டரைப் பாரேன்யா."

"அந்தாளு என்ன, என் கைய வித்தா சம்பாதிக்கப் போறாரு? சரியாத்தான் சொல்லியிருப்பாரு."

டிஸ்க் கை மாறி மாறி மேஜைக்கு வர வருஷம் ஆகும். அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக நாங்கள் சேர்ந்து ஒன்றைப் புதிதாக வாங்குவது என்று முடிவாயிற்று. கிரீன் பே ஊருக்கு லோடு எடுத்துப் போகிறவன் நான், வாங்கி வர வேண்டியது என் பொறுப்பு. முதலில் ஆடுவது டெல்மர். அவன் முடித்ததும் எங்களுக்கு.

வாங்கி வந்தேன். மறுநாள் சனிக்கிழமை. விதி விதிதானே, வீட்டில் ஓட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு கட்டம் வந்து, டிஸ்க் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பார்த்து எழுத்துகளை நிரப்பு என்றது. பத்து வருஷமாக டிஸ்க்கோடு வரும் தாளைத் தொட்டுப் பழகிய கை. ஒரு எழுத்து விடாமல் நிரப்பினேன். நன்றி என்றது. கப்பல் வந்தது. கீறல் இல்லை என்று திருப்தியோடு அணைத்துவிட்டுப் படுத்தேன்.

டெல்மர் வீட்டில் அந்த டிஸ்க் சுற்றியது, அவ்வளவுதான். இந்த ஆட்டப் பெட்டியில் பதிந்த டிஸ்க் இல்லை என்று எழுத்து வந்து நின்றுவிட்டது. தாளில் இருந்த எழுத்துகள் என் வீட்டு ஆட்டப் பெட்டியோடு சேர்ந்துவிட்டன.

பெர்னடெட் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒரு பெண் மரியாதையாகப் பேசினாள்.

"ஒரு ஆட்டப் பெட்டியோட சேர்ந்துட்டா மாத்த முடியாதுங்க மேடம். பழசா கை மாத்தறதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு."

"ஏம்மா, என் சட்டைய நான் இன்னொருத்தருக்குக் குடுத்தா, தச்சவன் வந்து பட்டன் எல்லாத்தையும் அறுத்துக்கிட்டுப் போவானா?"

"சட்டை வேறங்க மேடம்."

"வேறதான். சட்டைக்காரனுக்கு வெக்கம் இருக்கு."

டெல்மர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"ஓட்டிப் பாத்தியா?" என்று என்னைக் கேட்டான்.

"பாத்தேன்."

"கீறல் இருந்துச்சா?"

"புது டிஸ்க்குயா. அதுல எங்க கீறல் இருக்கும்!"

"அப்புறம் எதுக்குடா ஓட்டிப் பாத்தே?"

 

இன்னொன்று வாங்கித் தருகிறேன் என்றேன். அதுவும் முடியாது. ஆடும்போதெல்லாம் இன்டர்நெட் வேண்டுமாம். "என் ரோட்டுல பனி தள்ளவே வண்டி வர்றதில்ல, இன்டர்நெட் வந்து கதவத் தட்டுமா?" என்றான். மிஞ்சியது ஒரே வழி. அவன் என் வீட்டுக்கு வந்து ஆட வேண்டும். லெம்பி இருந்தபோதே யார் வீட்டுக்கும் போகாத மனுஷன் அவன்.

"அடுத்தவன் சோபாவுல உக்காந்து ஆடறதுக்கு எனக்கென்ன பத்து வயசா?"

மூன்று வாரம் இப்படியே போனது. குளிர்காலம் அவனுக்காகக் காத்திருக்கவா போகிறது? கடைசியில் என் மனைவி நோரீன் போனை வாங்கினாள்.

"டெல்மர், செவ்வாய்க்கிழமை பாஸ்டி சுடறேன், உள்ள நிறைய மாட்டுக்கறி. வந்தா உங்களுக்கு, வராட்டி எங்க நாய்க்கு. நாய் ஏற்கனவே சந்தோஷமா இருக்கு."

வந்தான். செவ்வாயும் வெள்ளியும் நான் போய்க் கூட்டி வருவேன். காலடியில் வெந்நீர் வாளி. கையை அதில் முக்கிச் சிவக்க வைத்து, துடைத்து, கன்ட்ரோலரை எடுப்பான். இருபது நிமிஷம் ஓடும். மறுபடி வாளி. அந்த இருபது நிமிஷத்தில் அவனைப் பார்க்க வேண்டும். கப்பல் அவன் சொன்னபடி கேட்கும். ஜனவரியில் இருபது பதினைந்தாயிற்று. பிப்ரவரியில் எட்டு.

அதே குளிர்காலத்தில்தான் மேஜையும் ஓய்ந்தது. புதிதாக வந்த எல்லாவற்றிலும் பூட்டு. பழைய டிஸ்க்குகளே திரும்பத் திரும்பச் சுற்றி வந்தன. தாளில் எழுத இடம் இல்லை, எழுதப் புதிதாகவும் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை கூட்டம் ஆறு பேரானது, மூன்று பேரானது. "இப்ப மேஜைமேல காலுறைதான் மடிக்கறேன்" என்றாள் பெர்னடெட். அந்தப் பூட்டை அப்புறம் எடுத்துவிட்டார்கள் என்று கேள்வி. எடுத்து என்ன? இப்போது பலதுக்கு டிஸ்க்கே கிடையாது, கை மாற்ற ஒன்றும் இல்லை. எனக்குச் சில சனிக்கிழமைகளில் சோப்பு வாசம் அடித்தாலே முகம் தெரியாத அந்த வாண்டா ஞாபகம் வருகிறாள்.

மார்ச்சில் கப்பல் சொந்தத் துறைமுகத்தின் வாசலுக்கு வந்தது. புயல், இரண்டு பக்கமும் பாறை. இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். டெல்மரின் கட்டைவிரல் அழுத்துகிறதா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை. நாலு தடவை மோதினான். வாளியில் தண்ணீர் மாற்றினோம். மறுபடி மோதினான். கன்ட்ரோலரை என் மடியில் போட்டான்.

"நீ ஓட்டு."

"நான் ஓட்டினா அது நீ ஆடினதாகாதேய்யா."

"பாறையில கிடந்தா மட்டும் ஆயிடுமா? ஓட்டு. நான் சொல்றேன். பாயைச் சுருட்டு. சுருட்டுன்னேன்! லாரியும் இப்படித்தான் ஓட்டறியா? ரோட்டுல எப்படிடா ஆளுங்க உயிரோட இருக்காங்க?"

ஐந்து தடவை கப்பலை மூழ்கடித்தேன். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புது வசவு. மரம் வெட்டுகிறவன் வாயில் வசவுக்கா பஞ்சம்? ஆறாவது தடவை பாறையை உரசிக்கொண்டே உள்ளே போய்விட்டேன். புயல் அடங்கிற்று. கப்பல் தானாகக் கரையோரம் நின்றது.

அப்புறம் அந்தத் தலைவன் இறங்கி வீட்டுக்கு நடக்க வேண்டும், அவ்வளவுதான். கன்ட்ரோலரில் ஒரே குமிழை முன்னால் தள்ளினால் போதும். நான் தள்ளப் போனேன்.

"குடு இங்க" என்றான் டெல்மர்.

கன்ட்ரோலரைத் தொடையில் வைத்து, விரல்களை விட்டுவிட்டு, உள்ளங்கையின் அடியால் குமிழைத் தள்ளினான். தலைவன் கோணலாக நடந்தான். பீப்பாய்களில் முட்டினான், சுவரில் முட்டினான், ஒரு தடவை கப்பலுக்கே திரும்பிப் போனான். உதவட்டுமா என்று நான் கேட்கவில்லை. நோரீன் சமையலறைக் குழாயை மூடிவிட்டு வந்து நின்றாள். நாலு நிமிஷம் பிடித்தது, தலைவன் தன் வீட்டுக் கதவுக்கு வந்து சேர.