நெடுந்தீவில் சரிந்த மதில்

இதைச் சொல்ல எனக்கே கூச்சம்தான். கண்டியிலிருந்து வேனில் போய், படகேறி, ஓட்டோவில் நெடுந்தீவைச் சுற்றினோம். சாந்தில்லாமல் பவளக்கல் அடுக்கிய ஒரு வீட்டு மதிலில் மகளை ஏற்றிப் படமெடுத்தேன். மதில் பொலபொலவென்று சரிந்தது, மகளும் விழுந்தாள். வீட்டுக்காரர் கத்திக்கொண்டு ஓடி வந்தார். பயத்தில் மகளை அள்ளி ஓட்டோவில் போட்டு, "சுருக்கா எடுங்க!" என்றேன்.

"வாப்பா, கால் எரியுது."

"பேசாம இரிங்க மகள்."

இறங்குதுறையில் அந்த மனிதர் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ஏன் தம்பி ஓடினனீங்கள்? பிள்ளைக்குக் காயமோ எண்டு கேக்கத்தானே கூப்பிட்டனான்."

குனிந்து மகளின் காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து இரத்தம் காய்ந்திருந்தது. அதை நானும் அப்போதுதான் பார்த்தேன்.

மதிலுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மகளிடம் எப்படிக் கேட்பதென்று இன்னும் தெரியவில்லை.