டீ கொடுத்தவரைச் சாகடித்த செய்தி

எங்கள் அக்கா போய் இன்றோடு ஓராண்டு. அவரை நினைத்து வந்திருக்கும் உறவினருக்கும் நண்பருக்கும் தங்கையின் வணக்கம். அக்காவைப் பற்றிப் பத்திரிகையில் ஒருமுறை வந்தது. அதில் அவர் பெயர் மட்டும்தான் சரி. மிச்சத்தை இந்த நினைவு மலரில் நான் சொல்கிறேன்.

அக்கா பிறந்தது மௌலா அலி ரயில்வே குடியிருப்பில். அப்பா அங்கே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அக்காவுக்குக் கல்யாணமாகிச் சில வருஷத்தில் அத்தான் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். இரண்டு பேருமாக ஏ.எஸ்.ராவ் நகரில் இட்லிமாவுக் கடை போட்டார்கள். ஊறவைப்பதும் அரைப்பதும் அக்கா. மூட்டை தூக்குவது, கல்லா, வருகிறவர்களோடு வாயாடுவது எல்லாம் அத்தான்.

அக்காவிடம் ஒரு சட்டம் உண்டு. அரைக்கும் அறைக்குள் நுழையுமுன் வளையலைக் கழற்றுவார், பூவை எடுத்துவிடுவார், தாலியை ரவிக்கைக்குள் செருகிக்கொள்வார், பொட்டையும் துடைத்துவிடுவார். வேர்வையில் குங்குமம் மாவில் உதிர்ந்துவிடக் கூடாது. வேலை முடிந்து முகம் கழுவியதும் முதல் காரியம் பொட்டு வைப்பதுதான்.

அப்படி அரைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் வந்து சேர்ந்தார், பெரிய பத்திரிகையின் சின்ன நிருபர். தமிழ் கொஞ்சம் வரும், நடுநடுவே எங்கள் ஊர் உருதுவும் கலக்கும்.

"ஆன்ட்டி, உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க. அழுதிருக்கீங்களா?"

"மாவு பொங்கலைன்னா அழுகை வரும் தம்பி."

"அது நக்கோ ஆன்ட்டி, வேணாம். லைஃப்ல?"

அக்கா சிரித்துவிட்டார். "கொஞ்சம் சோகமா பாருங்க" என்று சொல்லிப் படமெடுத்தார் அவர். வெறும் நெற்றியையும் வெறுங்கையையும் கண்டதுமே அந்தப் புத்திசாலிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டுக்காரர் எங்கே என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை. அவருக்கு இஞ்சி டீ கொண்டுவந்து நீட்டியவரே அத்தான்தான். கடையில் வேலை செய்கிற ஆள் என்று நினைத்தாராம்!

ஞாயிற்றுக்கிழமை செய்தி வந்தது: கணவனை இழந்தும் கலங்காத பெண். அடப் பாவிகளா! குடித்த டீ தொண்டையில் இறங்குமுன் மனுஷருக்குக் கருமாதி செய்துவிட்டார்கள். கேட்டு எழுதுவது இவர்கள் தொழிலாம். எங்கள் தெருவில் வம்பு பேசுகிறவர்கள்கூட ஒருவர் செத்தாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள்.

அத்தான் முதலில் சிரித்தார். "பேய்கிட்ட மாவு வாங்குறீங்க, பயப்படாதீங்க" என்று வருகிறவர்களைக் கிண்டல் செய்தார். அப்புறம் கொலுவுக்குப் போன வீட்டில் ஒருத்தி, அக்கா காதுபடவே, "புருஷன் போயும் பொட்டு வெச்சிருக்கா பாரு" என்றாள். புருஷன் போனால்தான் என்ன, பொட்டு இவள் அப்பன் வீட்டுச் சொத்தா? அது காதில் விழுந்த நாளிலிருந்து அத்தான் கல்லாவில் உட்காருவதை விட்டுவிட்டார். கடைக்குப் பின்னாலேயே கிடந்தார். அக்காவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பூவும் பொட்டும் வளையலுமாக, அத்தானைக் கையோடு கூட்டிக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்கே போனார். நானும் கூடப் போனேன்.

"இதோ இருக்காரு. இவரு இருக்காருன்னு ஒரு வரி போடுங்க, போதும்" என்றார் அக்கா.

ஏசி அறையில் இருந்த மகானுபாவர் அத்தானை ஏற இறங்கப் பார்த்தார். "கைக்கு அம்மா, எதுக்கு டென்ஷன்? ஸ்டோரிக்கு நல்ல பேரு. வியாபாரம் ஏறிச்சா இல்லையா?"

"ஏறிச்சு. அதுக்கு இவரைக் கொன்னுதான் ஆகணுமா?"

"அடுத்த வாரம் பாக்கலாம்."

அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை. அக்கா அத்தானை இழுத்துவந்து மறுபடி கல்லாவில் உட்கார வைத்தார். அவர் உட்கார்ந்தார், பழைய வாய் மட்டும் திரும்பவில்லை. பிறகு டி.வி.க்காரர்கள் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அக்கா "நக்கோ" என்று சொல்லி ஷட்டரை இழுத்துவிட்டார். அந்தக் கூட்டத்துக்கு அந்த ஒரு சொல்லே அதிகம்.

சிறுநீரகம் பழுதாகி அக்கா படுத்துக்கிடந்த மாதங்களில் தினமும் முகம் துடைத்து, தலைவாரி, கஞ்சி ஊட்டியவர் அத்தான். மருத்துவமனைக்குத் தன் காரிலேயே கூட்டிப்போன எதிர் மருந்துக்கடைக்காரருக்கும், இரத்தம் கொடுத்த காலனிப் பிள்ளைகளுக்கும், கடையைப் பூட்டவிடாமல் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது. செய்தி வெளியிட்ட பத்திரிகைகளுக்கும் நன்றி சொல்வது வழக்கமாம். இந்த மலரில் அது கிடையாது.

அக்கா கேட்ட ஒரு வரியை அவர்கள் கடைசிவரை போடவில்லை. நான் போடுகிறேன்: எங்கள் அத்தான் உயிரோடு இருக்கிறார். வாசலில் நின்று இந்த மலரை உங்கள் கையில் கொடுத்தவர் அவர்தான்.