அடுப்போரத்துப் பீப்பாய்

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரிடமும் நுளம்பு வலை கிடையாது. இந்தக் குளிருக்குக் கொசு, நுளம்பு எதுவும் வராது என்றே இருந்துவிட்டோம். ஒரு வருடம் மழை பொய்த்துக் குழாய்த் தண்ணீர் குறைந்தது. கிடைத்ததைப் பீப்பாயில் பிடித்து, மகள் செல்வி குளிக்க வெதுவெதுப்பாக இருக்கட்டுமென்று அடுப்போரம் வைத்தேன்.

செல்விக்குக் காய்ச்சல் வந்தது. பனிதான் காரணம் என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். பல்லீறில் இரத்தம் கசிந்த பிறகே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டெங்குவாம். எப்படியோ பிழைத்துக்கொண்டாள்.

பிறகு எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்த சுகாதாரப் பரிசோதகர், பீப்பாய்க்குள் டோர்ச் அடித்தார். ஊசிமுனை போன்ற புழுக்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் அடியை நோக்கிப் பாய்ந்தன.

“இந்தக் குளிர்ல எப்புடிங்க ஐயா?”

“முந்தின குளிர் இப்ப எங்கங்க இருக்கு? காய்ச்சல் கொழும்புல இருந்து யாரோடயாவது பஸ்ஸுல வந்திருக்கும். நுளம்பு உங்க அடுப்பு சூட்டுலதான் பொறந்திருக்கு.”

என் உடம்புக்கே தெரியாத குளிரின் குறைவு, அந்தப் புழுவுக்குத் தெரிந்திருக்கிறது!

இப்போது வாராவாரம் பீப்பாயைக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவி, மூடி வைக்கிறேன். “இன்னைக்கு குளிரே இல்ல” என்று லயமே சந்தோஷப்படும் காலைகளில், நான் மூடியைத் திறந்து பார்க்கிறேன்.