பழுப்பு வாத்தின் கால்

எனக்கு எதையும் சும்மா பார்த்துவிட்டுப் போகத் தெரியாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பையில் என்ன வைத்திருக்கிறார் என்று தெரியாவிட்டால் இறங்கும்வரை மனசு அடங்காது. அந்தப் புத்தியோடுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் வாத்து பார்க்கப் போனேன்.

இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் இருக்கும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்து, ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தைத்து வரும் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டையும் கறையும் தேடி, தொங்கும் நூலை டிரிம்மரால் நறுக்கிவிட வேண்டும். வாரம் முழுக்கக் குறை தேடிய கண் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்ந்திருக்குமா? வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில், போர்வெல் தண்ணீர் விட்டு நிரப்பிய ஒரு குட்டை இருந்தது. அதில் ஏழு வெள்ளை வாத்துகள், ஒரு பழுப்பு வாத்து.

பொரியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் கேள்வியாக வரும். தலையை உள்ளே விட்டு வாலை மேலே தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்? ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுவேன். தூங்கும்போது ஒரு கண்ணை மட்டும் மூடுகிறதே, மற்ற கண் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது? நாளெல்லாம் நீந்தியும் முதுகு ஏன் நனையவில்லை? ஒருநாள் கரையேறி வந்த பழுப்பு வாத்தின் முதுகில் ஒரு கை தண்ணீரை விட்டுப் பார்த்தேன். அத்தனையும் உருண்டு ஓடிவிட்டது.

பூங்கா வாட்ச்மேன் உள்ளூர்க்காரர். விளக்குமாறும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க அம்மிணி, வாத்துக்குப் பரீட்சை வெக்கறீங்களா?"

"பாஸாயிட்டு அண்ணாச்சி," என்றேன்.

பொரிப் பை, கம்பெனியில் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் துணியில் நானே தைத்தது. அதன் வாயை ஓவர்லாக் நூலால் இறுக்கிக் கட்டியிருப்பேன். குட்டையோரம் வந்ததும் நூலைப் பல்லால் கடித்துத் துப்புவேன். கம்பெனியில் நூலைக் கடித்தால் சூப்பர்வைசர் கத்துவார். எச்சில் கறை பட்டால் பீஸ் ரிஜெக்ட். அதனாலேயே ஞாயிற்றுக்கிழமை கடித்துத் துப்புவதில் எனக்கு ஒரு தனி சுகம்.

ஒரு சமயம், எப்போதும் முதலில் ஓடி வரும் பழுப்பு வாத்து கரைக்கு வரவில்லை. அடைகாக்கிறதோ? வெள்ளை வாத்துகளோடு சண்டையோ? இரண்டு வாரம் இதே ஆராய்ச்சிதான். மூன்றாவது ஞாயிறு குட்டை நடுவிலிருந்த கல்லில் ஏறி, ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. தூக்கிய கால் வீங்கியிருந்தது. விரல்களைச் சேர்த்து இறுக்கிக்கொண்டு ஏதோ ஒன்று. கிளிப்பச்சை நிறம்.

அந்த மாதம் எங்கள் கம்பெனியில் ஓடிய ஆர்டரின் நிறம் அது. என் மடியிலிருந்த பையிலும் அதே நூல்தான்.

"நூல் சுத்திக்கிச்சுங்க," என்றார் பக்கத்தில் வந்து நின்ற வாட்ச்மேன். "இப்படியே உட்டா காலு அழுகிப் போயிருமுங்க."

நான் நூல் யாருடையது என்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை. "நான் அறுத்துருதேன் அண்ணாச்சி. நீங்க மட்டும் பிடிச்சுத் தாங்க," என்று கைப்பையிலிருந்து டிரிம்மரை எடுத்தேன்.

பொரியைக் கரைவரை தூவினோம். பசி பொறுக்காமல் நொண்டி நொண்டி வந்தது. அவர் தோளில் கிடந்த துண்டை அதன்மேல் போட்டு அமுக்கி என் மடியில் வைத்தார். அதன் நெஞ்சு என் தொடையில் படபடவென்று அடித்துக்கொண்டது. நூல் தோலுக்குள் புதைந்திருந்தது. நகத்தால் தடவித் தடவித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஒரு சுற்றை அறுத்தால் அடியில் இன்னொரு சுற்று. கடைசிச் சுற்று அறுந்தபோது கொஞ்சம் ரத்தம் வந்தது. அவர் எதிர்த்த கடையில் மஞ்சள்தூள் வாங்கி வந்து அப்பினார். துண்டை எடுத்ததும் வாத்து தண்ணீரில் விழுந்து போயே போய்விட்டது.

கால் தேறியது. ஒரு விரல் மட்டும் நிமிரவில்லை. ஆனால் அதன்பிறகு அது என்னிடம் வருவதில்லை. துண்டைப் போட்டு அமுக்கியவரின் கையில் கொத்தித் தின்கிறது. என்னைக் கண்டால் எதிர்க்கரைக்குப் போய்விடுகிறது. இது என்ன நியாயம் என்று எனக்குக் கோபமே வந்தது. சேலைக்குப் பதில் சுடிதாரில் போனேன். கர்ச்சீப்பால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு போனேன். பின்பக்க கேட் வழியாகப் பேசாமல் போய் உட்கார்ந்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. எதைக் கொண்டு அது என்னைக் கண்டுபிடித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வாட்ச்மேன் அதற்குள் பூங்காவுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்திருந்தார். "இந்த அம்மிணிதானுங்க காலக் காப்பாத்துனாங்க." ஒவ்வொரு முறையும் எனக்குக் கூசியது. ஒரு ஞாயிறு, ஆட்கள் நகர்ந்ததும் சொல்லிவிட்டேன். "அந்த நூலு என்னோடதுதான் அண்ணாச்சி. நாந்தான் கடிச்சுத் துப்புனேன்."

அவர் கூட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியுமுங்க. வாராவாரம் கூட்டி அள்ளுறது நாந்தானுங்களே."

"பொறவு ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"சொல்லியிருந்தா உங்க கை நடுங்கியிருக்குமுங்க. அப்பறம் அத யாரு அறுக்கறது?"

அவருக்குத் தெரியாது என்ற தைரியத்தில்தான் அன்று என் கை நடுங்காமல் இருந்தது. வெட்கமாக இருந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது. பொரிப் பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, வேலி ஓரமாகத் தள்ளிப் போய் நின்றேன். நான் போதுமான தூரம் போய்விட்டேனா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, பழுப்பு வாத்து கரையேறி வந்தது.