திண்டிவனத்திலிருந்து எண்பத்திரண்டு கிலோ வரை

வியாழக்கிழமை, காலை 6.10. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் விழுப்புரம் பேருந்து புறப்படத் தயாராக நின்றது. ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். தூரம் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். சென்னைக்கும் திருச்சிக்கும் போகிறவர்கள் தூங்கிக்கொண்டே கடக்கும் சாலை இது; இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இந்த நாற்பது கிலோமீட்டரைப் போக நான் ஏழு மாதம் தயாரானேன். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் அமலா. வயது நாற்பத்திரண்டு. திண்டிவனத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் கணினியில் தட்டச்சு செய்கிறேன். என் தம்பி ஆரோக்கியதாஸ் விழுப்புரத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். முப்பத்தாறு வயதில் அவனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோயின. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அவன் மனைவியின் ரத்த வகை சேரவில்லை. முகையூரில் இருக்கும் அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. ஒரு சிறுநீரகம் கொடுக்க எனக்குத்தான் எல்லாம் பொருந்தியது, எடையைத் தவிர.

ஏழு மாதத்துக்கு முன் நான் தொண்ணூற்று நான்கு கிலோ. "எண்பத்திரண்டுக்குக் கீழ வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார் விழுப்புரம் ஆஸ்பத்திரி டாக்டர் அம்மா. சிறுநீரில் லேசாகப் புரதம் தெரிகிறது, எடை இறங்கினால் அதுவும் போய்விட வாய்ப்புண்டு என்றும் சொன்னார். எனக்கு எண்பத்திரண்டு மட்டும்தான் காதில் விழுந்தது.

எடை குறைப்பது என்றால் என்னவோ பெரிய நோன்பு என்று நினைத்திருந்தேன். இருபது வருடப் பழக்கங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிற வேலை அது. பதினொரு மணிக்கு அலுவலகத்துக்கு வரும் இரண்டு மெதுவடை முதலில் போனது. டீயில் சர்க்கரை போனது. தாளிக்கும்போதே ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்க்கும் கை நின்றது. இரவு இட்லி ஆறிலிருந்து மூன்றானது. மதியச் சோறு ஒரு கிண்ணம், காய் இரண்டு கிண்ணம். முதல் மாதம் பசியில் அழுதிருக்கிறேன். மிகையில்லை, அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன். மாலையில் ஏரிக்கரைப் பக்கம் நாற்பது நிமிடம் நடந்தேன். மூன்றாவது மாதம் நான்கு கிலோ இறங்கி அப்படியே நின்றுவிட்டது. ஐந்தாவது மாதம் மறுபடி இறங்கத் தொடங்கியது.

போன வாரம் ரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டு வந்தேன். இன்று எடை போட்டு முடிவைக் கேட்க வேண்டும். முந்தின நாள் மாலையோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். காலையில் தண்ணீரும் குடிக்கவில்லை. யாரும் அப்படிச் சொல்லவில்லை. தராசுக்குப் பயந்து நானே செய்தது.

6.40. கூட்டேரிப்பட்டு. ஒரு பெண் கூடையோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐம்பது வயது இருக்கும். கூடை நிறைய அவித்த மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, மேலே ஈரத்துணி. விழுப்புரத்தில் விற்கக் கொண்டுபோகிறாராம். சூடான வாசனை முகத்தில் அடித்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இந்தா, நாலு துன்னு பாரு" என்று கை நிறைய அள்ளி நீட்டினார்.

"வேணாங்க. இன்னிக்கி எடை போடணும்."

"எடை போட நீ இன்னா மூட்டையா?"

சிரித்துவிட்டேன். தம்பி விஷயத்தைச் சொன்னேன். அவர் நீட்டிய கையைக் கூடைக்குள் விட்டார்.

"கூடப் பொறந்தவனுக்கா?"

"ஆமாங்க."

"எங்க அண்ணங்கிட்ட நான் பேசியே ஒம்பது வருசம் ஆவுது" என்றார். பிறகு கூடையின் துணியை நன்றாக இழுத்து மூடினார். வாசனை எனக்கு வராதபடி என்று நினைக்கிறேன்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் சாலையோர உணவகங்கள். நெடுந்தூரப் பேருந்துகள் வரிசையாக நின்றன. இறங்கியவர்கள் பொங்கலும் பூரியும் வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். முண்டியம்பாக்கம் வந்தபோது கரும்பாலையின் புளித்த இனிப்பு வாடை பேருந்துக்குள் நிறைந்தது. இந்தச் சாலையில் பாதி வழி சோறும் பாதி வழி சர்க்கரையும்தான் இருக்கிறது என்பதை ஏழு மாதத்துக்கு முன் நான் கவனித்ததே இல்லை.

7.25. விழுப்புரம் புதிய பேருந்து நிலையம். தம்பி தாசு எனக்கு முன்பே வந்து நின்றிருந்தான். முகம் கறுத்து, சட்டை தோளில் தொங்கியது. நான் இளைத்ததைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்; அவன் இளைத்ததைப் பார்க்க ஆளில்லை.

"ஏதாவது துன்னியாக்கா?"

"எடை போட்டுட்டு."

"நீ மயங்கி வுழுந்தா நான் எப்டி தூக்குவேன்? இன்னும் எம்பது கிலோ இருக்க."

ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கேட்டார்கள். அறுபதுக்குப் போனோம். அது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஒன்பதே கால் மணிக்கு செவிலியர் என்னை அழைத்தார். செருப்பைக் கழற்றினேன், வளையலைக் கழற்றினேன், ஜெபமாலையையும் கழற்றித் தாசு கையில் கொடுத்தேன். எண் ஓடி, தடுமாறி, நின்றது. 81.8.

செவிலியர் எழுதிக்கொண்டு போய்விட்டார். ஜெபமாலையைத் தாசு தானே என் கழுத்தில் போட்டுவிட்டான். என் வாழ்க்கையில் யாரும் எனக்கு மாலை போட்டு அப்படி நின்றதில்லை, கல்யாணத்தன்றுகூட.

11.40. டாக்டர் அம்மா காகிதங்களை இரண்டு முறை படித்தார். எங்களை உட்காரச் சொல்லி, கதவைச் சாத்தச் சொன்னார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எடையை நல்லா குறைச்சிருக்கீங்கம்மா. இவ்வளவு பேரைப் பார்க்கிறேன், சொன்னதைச் செய்றவங்க கொஞ்சம் பேர்தான். ஆனா யூரின்ல புரோட்டீன் போறது நிக்கலை. முன்னைவிட அதிகமா போகுது. சர்க்கரையும் ஆரம்பிச்சிருக்கு."

"மருந்து போட்டுட்டு எடுக்கலாங்களா?"

"எடுக்கக் கூடாதும்மா. உங்க ரெண்டு கிட்னியும் இனிமே உங்களுக்கே வேணும்."

"இன்னும் அஞ்சு கிலோ குறைச்சா?"

அவர் காகிதங்களை மடித்து உறைக்குள் வைத்தார். தாசுதான் என் முழங்கையைத் தொட்டான். "விடுக்கா" என்றான். அவன் பெயரை இறந்தவர்களின் உறுப்புக்காகக் காத்திருப்போர் பட்டியலில் பதியச் சொன்னார் டாக்டர். எத்தனை காலம் ஆகும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். என் சாப்பாட்டு முறையை மட்டும் மாற்றாமல் அப்படியே தொடரச் சொன்னார், ஆயுள் முழுக்க.

வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு மாதம் ஒவ்வொரு வேளையும் பாதித் தட்டில் கையை எடுத்தபோது, மீதிப் பாதி அவனுக்கு என்று மனதில் சொல்லிக்கொள்வேன். அப்படிச் சொன்னால்தான் கை எழும். இனி யாருக்கு என்று சொல்லி எடுப்பேன்? எனக்காக நான் ஒரு வேளை பசித்திருந்தது கிடையாது. அதற்கான காரணம் என்னிடம் இல்லை.

1.10. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சிறிய மெஸ். சாப்பாடு தொண்ணூறு ரூபாய் என்று பலகை. நாங்கள் இருவரும் ஆளுக்கு இரண்டு இட்லி சொன்னோம். அவனுக்குச் சாம்பார் ஆகாது, உப்பும் தண்ணீரும் அளவு. எனக்குத் தேங்காய்ச் சட்னி ஆகாது. பரிமாறுகிறவர் இரண்டு தட்டையும் பார்த்துவிட்டு, "தொட்டுக்க ஒண்ணுமே வேணாமா?" என்றார். எங்களைச் சுற்றி எல்லோரும் இரண்டாம் சோறு கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"நீ இளைச்சது வீணாப் போவலக்கா. உனக்குன்னு ஆச்சு."

"எனக்குன்னு நான் பண்ணலடா."

"தெரியும். அதான் சொல்றேன். இத்தோட நிறுத்திக்கினு பழையபடி துன்ன ஆரம்பிச்சிடாத. நானும் மிஷின்ல, நீயும் மிஷின்லன்னா அம்மாவ யார் பார்க்கறது?"

அவன் அதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

2.20. திண்டிவனம் போகும் பேருந்தில் என்னை ஏற்றிவிட்டுக் கீழே நின்றான். "நீ போடா, வெயில்ல நிக்காத" என்றேன். தலையாட்டிவிட்டு நடந்தான். வண்டி நகரத் தொடங்கியது. நிலையத்தின் வாசலில் திரும்பும்போது பார்த்தேன்: இளநீர்க் கடையில் நின்று, காயை இரண்டு கையாலும் பிடித்து, தலையை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தான்.

மற்றவர்களுக்கு இளநீர் மருந்து. டயாலிசிஸ்காரர்களுக்கு, அதிலுள்ள பொட்டாசியத்தால், அது இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய பானம். டயாலிசிஸ் அறையில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதுதான். தாசுக்கு அது தெரியாமல் இல்லை.

"நிறுத்துங்க" என்றேன். நடத்துநர் விசிலடித்தார். இறங்கி ஓடினேன். தொண்ணூற்று நான்கு கிலோவில் அந்தத் தூரத்தை நான் ஓடியிருக்க முடியாது.

என்னைப் பார்த்ததும் காயை இறக்கினான். திருட்டில் பிடிபட்டவனைப் போல் இல்லை. களைத்துப்போனவனைப் போல் நின்றான்.

"ரெண்டே வாய்க்கா. ஒண்ணரை வருசமாச்சு, வாய் நெறைய எதையாவது குடிச்சு."

"வேணும்னேதான் குடிச்சியா?"

காயை வாங்கி நிலத்தில் கவிழ்த்தேன். கடைக்காரர் ஏதோ கேட்க வந்து, எங்கள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். ஐந்து நிமிடத்தில் தாசின் மனைவியைப் போனில் பிடித்தேன். மறுநாள் இருந்த டயாலிசிஸை அன்றைக்கே மாற்றித் தரச் சொல்லி ஆஸ்பத்திரிக்கும் பேசினேன். வரச் சொன்னார்கள். அவள் வரும் வரை அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் கையை இழுக்கவில்லை. "நாளைக்கும் நீ வந்து பிடிச்சிக்கினு நிப்பியா?" என்று மட்டும் கேட்டான். முப்பத்தெட்டு ரூபாய் டிக்கெட்தான், வந்துவிடலாம். ஆனால் அவன் கேட்டது டிக்கெட்டைப் பற்றி அல்ல.

3.30. அடுத்த பேருந்து. இந்த முறை நின்றுகொண்டே வந்தேன். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு. காலையில் எண்ணிக்கொண்டு போன ஊர்கள் மாலையில் தலைகீழாக வந்தன. நான்கு மணிக்கு மேல் தாசின் மனைவி அழைத்தாள். மிஷினில் போட்டுவிட்டார்கள், பயமில்லை என்றாள். இன்றைக்கு மட்டும் என்று நான் மனதில் சேர்த்துக்கொண்டேன்.

பயணம் போய் வந்தவர்கள் ஊர்களை ஒப்பிடுவது வழக்கம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் எனக்கு ஒரே வித்தியாசம்தான் தெரிந்தது. விழுப்புரத்தில் உண்மை தெரியும். திண்டிவனத்தில் இன்னும் யாருக்கும் தெரியாது.

5.05. வீடு. பள்ளி விட்டு வந்த என் மகள் ஸ்டெல்லா கதவைத் திறந்ததும் கேட்டாள், "எவ்ளோம்மா?"

"எம்பத்தொண்ணு எண்ணூறு."

பையைக்கூட வைக்கவிடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டாள். என் முதுகுக்குப் பின்னால் அவள் விரல்கள் ஒன்றையொன்று தேடித் தொட்டுக் கோத்துக்கொண்டன.

"அம்மா, இப்பதாம்மா என் ரெண்டு கையும் எட்டுது" என்றாள்.

அவள் கையை எடுத்த பிறகு டாக்டர் சொன்னதைச் சொல்லிக்கொள்ளலாம் என்று அப்படியே நின்றேன். அவள் எடுக்கவில்லை.