வியாபாரிக்கும் வந்த மழைச் செய்தி

2009 நவம்பர் 4, புதன்கிழமை. கரண்ட் வந்ததும் தென்னைக்குத் தண்ணீர் திருப்பினேன். மாட்டுக்குத் தட்டை போட்டேன். குளித்து, இட்லி சாப்பிட்டுக் கைகழுவும்போது செல்போன் ஒலித்தது. விவசாயிகளுக்கு வரும் வானிலைச் செய்தி, வழக்கம்போல ஆங்கிலத்தில். இன்று மாலை முதல் இடியுடன் மழை. விளைந்ததை உடனே அறுவடை செய்யவும்.

எனக்கும் அண்ணனுக்கும் பொதுவான பந்தலில் பன்னீர் திராட்சை பழுத்துத் தொங்கியது. மழை பட்டால் பழம் வெடித்துவிடும். ஆனால் 'உடனே' என்று எழுதியவருக்கு எங்கள் பள்ளத்தாக்கில் திராட்சை விற்கிற விதம் தெரியாது. காய் நிறம் மாறும்போதே வியாபாரி அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். பிறகு வெட்டும் நாளைச் சொல்பவர் அவர். ஆட்களும் அவர் ஆட்கள். நாம் கத்தரியைத் தொட்டால் பேச்சை முறித்ததாகிவிடும். விலை கட்டுவது மட்டும் வெட்டுகிற அன்று. வெடித்த பழத்தின் நட்டம் முழுக்க நம்முடையது.

வியாபாரியின் கொட்டகைக்குப் போய்ச் செய்தியைக் காட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினார். அதே செய்தி.

"எனக்கும்தாண்ணே வந்துச்சு. கூடலூர்லருந்து சின்னமனூர் வரைக்கும் அத்தனை பேருக்கும் வந்திருக்கு. அப்பருந்து போன் பேசியே காது தீயுது."

"அப்ப ஆள அனுப்புங்க."

"ஆளு எங்கிட்டு இருக்கு? எல்லாம் பெரிய பந்தலுக்குப் போயிருச்சு. நீங்க என்ன, ரெண்டு லோடா வச்சிருக்கீக?"

"மழ விழுந்துட்டா?"

"விழுந்தா விழுந்த வெலைக்கு எடுத்துக்கிறேன். விட்ருவேனா?"

சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. மழை வருமென்று அவருக்கும் தெரியும். வரட்டும் என்றும் இருந்தது.

வீட்டுக்கு வந்து செய்தியைச் சொல்லி, நாமே வெட்டி வேறு வியாபாரிக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். என் மனைவி கத்தரியைத் தேடப் போனாள். அண்ணன் வாசலை மறித்தார்.

"ஏலே, அட்வான்ஸ் வாங்கித் தின்னுட்டு ஆள மாத்துவியா? நாளப்பின்ன ஒரு யாவாரி இங்கன எட்டிப் பாப்பானா?"

"பழம் வெடிச்சா அவனா தருவான்?"

"ஒனக்கு அந்தப் போன் பொட்டிதான் அண்ணன். போயி அதுகிட்டயே வித்துக்க."

"மூத்தவுக இப்படிப் பேசினா நாங்க எங்க போயி நிக்கிறது?" என்றாள் மனைவி. அவர் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. நானும் அவரைத் தள்ளிவிட்டுப் போகவில்லை. மாலைவரை பந்தல் ஓரத்தில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, வராத வண்டிக்காகக் காத்திருந்தோம்.

மேகமலைப் பக்கம் கறுத்தது. இருட்டுவதற்குள் அடித்துப் பெய்தது. நடுவில் போன் ஒலித்தது: மழை தொடரும், அறுவடையைத் தள்ளிப்போடவும். காலையில் 'உடனே' என்ற அதே போன். அண்ணன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் விடிந்ததும் முதலில் பந்தல் கம்பிகளைத் தட்டிக் குலைகளில் நின்ற தண்ணீரை உதிர்த்தேன். வரப்பிலிருந்து அண்ணன் "வேணாம்டா" என்றார். கத்தரியை எடுத்து, வெடிக்காத குலையாகப் பார்த்து வெட்ட ஆரம்பித்தேன்.